விரியலாக்கிக்குக் குரல் உண்டா?

புகழ்தல் எளிது, குற்றங்காண்டல் அரிது. ஒரு பொருளை நன்று என்று சொல்லுதற்கு நாவொன்றே போதும். அஃது எவ்வாற்றால் நன்று, எவ்விடத்திற் குறையுடையது என்று சொல்லுதற்கு அறிவும் வேண்டும், பொறுமையும் வேண்டும். இலக்கியத் திறனாய்விலே நாம் நாடோறுங் காணும் இவ்வுண்மையை, வீட்டிலிருந்து இசை கேட்டற்கு உதவுங் கருவிகளைப் பற்றிய பேச்சிலும் காணலாம். அவற்றுள்ளும், அம்பிளிபயர் என்று மக்கள் வழங்குவதும் விஞ்ஞான பாடநூல்கள் விரியலாக்கி என்று பெயரிடுவதுமாகிய கருவியைப் பற்றிய பேச்சிலே சிறப்பாகக் காணலாம்.

ஸ்டீரியோ முறையிற் பாட்டுக் கேட்பதற்கு மூன்று உறுப்புக்கள் வேண்டும். இசைத்தட்டிலோ இறுவட்டிலோ பதிந்திருப்பதைப் படித்து நுண்ணிய மின்குறியாகத் தருவது முதலாவது. அந்நுண்ணிய குறியை, ஒலிபெருக்கிப் பெட்டியை இயக்குதற்குப் போதிய வலுவுடையதாக விரிப்பது இரண்டாவது. அம்மின்னைக் காற்றின் அதிர்வாக்கி நம் செவியிற் சேர்ப்பது மூன்றாவது. நடுவே நிற்பதுதான் நாம் எடுத்துக்கொண்ட பொருள். இக்கருவி இன்று சில நூறு டொலருக்கும் கிடைக்கின்றது; ஓரிலட்சம் டொலருக்கு மேலும் விற்கப்படுகின்றது. விலை கூடிய கருவியின் ஒலியை வருணிக்கப் புகுந்த மேனாட்டு இதழ்கள், வெம்மையான ஒலி, பட்டுப்போன்ற ஒலி, காற்றோட்டமுள்ள ஒலி, இருண்ட பின்னணி என்றிவ்வாறு அடைமொழிகளை அள்ளிச் சொரிகின்றன. 1962ஆம் ஆண்டு அமெரிக்காவிலே 'ஸ்டீரியோபைல்' என்னும் இதழைத் தொடங்கிய ஜே. கோர்டன் ஹோல்ட் என்பவர் இத்தகைய சொற்களைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் பொருள் வரையறுத்து, அகராதியொன்று தொகுத்தார். அது நற்பணி. ஆயின், அவர்பின் வந்தோருட் பலர் சொற்களை எடுத்துக்கொண்டனர், வரையறையை விட்டுவிட்டனர். அச்சொற்களை அப்படியே பெயர்த்து வழங்குவோர் இன்று நம்மிடையேயும் உளர்.

யாம் பொறியியல் கற்றோமல்லேம். சொல்லை ஆராய்தல் எம் தொழில். அத்தொழில் பற்றியே இப்பொருளிற் புகுந்தோம். புகுதற்குக் காரணமும் ஒன்றுண்டு. எம்மிடம் தமிழ் படித்து இன்று தாமும் ஆசிரியராயிருக்கும் இளைஞர் ஒருவர் அண்மையில், "ஐயா, விலை கூடிய அம்பிளிபயர் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வங்கியிற் கடன் எடுத்தால் வாங்கலாம். அதன் ஒலிக்கு நிகர் வேறில்லை என்று எழுதியிருக்கிறார்கள். வாங்கட்டுமா?" என்று வினவினார். ஓர் அடைமொழியை நம்பி ஓர் ஆசிரியர் பல்லாண்டு கடன் இறுப்பதாயின், அவ்வடைமொழி என்ன பொருள் தருகின்றது என்று கேட்பது நம் கடமையாகின்றது.

ஒலியைப் பற்றி நம் முன்னோர் பேசிய முறை வேறு. யாழின் ஓசையை ஆராய்ந்தவர், முதலில் அதன் குற்றங்களை எண்ணினர். சிலப்பதிகாரத்து வேனிற்காதையிலே நான்கு குற்றங்கள் பேசப்படுகின்றன. பண்ணோடு பொருந்தாத இன்பமில் ஓசை செம்பகை. அளவு கடந்து ஒலித்தல் ஆர்ப்பு. தன்னோசை மழுங்குதல் கூடம். நரம்பு சிதறி ஒலித்தல் அதிர்வு. உரைமரபு இக்குற்றங்களின் காரணத்தையும் யாழ் செய்த மரத்திலே தேடுகின்றது: நீரில் நின்ற மரம், அழுகிய மரம், வெந்த மரம், இடி வீழ்ந்த மரம் என்று. குற்றத்துக்குப் பெயர் உண்டு. பெயருக்கு வரையறை உண்டு. வரையறைக்குக் காரணம் உண்டு. இவை மூன்றும் நீங்கியபின் எஞ்சியதே இனிமை. ஒலியைப் பற்றிப் பேசுவார்க்கு இதனினும் நல்ல நெறி வேறில்லை என்பது எம் கருத்து.

இந்நெறியால் விரியலாக்கியை நோக்குவோம். யாழ் இசையைப் பிறப்பிக்குங் கருவி. அதற்குத் தனக்கெனக் குரல் வேண்டும். விரியலாக்கியோ பிறந்த இசையைப் பெயர்த்துரைக்குங் கருவி. சுருங்கச் சொல்லிய சூத்திரத்தை விரித்துரைக்கும் உரையாசிரியனுக்கும் அதற்கும் தொழில் ஒன்றே. நல்லுரையாசிரியன் நூலாசிரியன் கருத்தை விளக்குவான்; தன் கருத்தை அதனுட் புகுத்தான். உரையைப் படித்து முடித்தபின் நூலே நம் நெஞ்சில் நிற்குமாயின் உரை சிறந்தது. அவ்வாறே, பாடியவர் குரலும் வயலினின் நாதமும் மிருதங்கத்தின் சொல்லும் நம் செவியில் நின்று, இடைநின்ற கருவி நினைவிலும் வாராதாயின் அக்கருவி சிறந்தது.

உரையாசிரியன் பிழைபடுமிடம் மூன்று. இல்லாததைச் சேர்த்தல், உள்ளதை மாற்றுதல், உள்ளதை விடுதல். புணரியலிலே மாணவர் படிக்கும் தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூன்று விகாரங்களும் இவையே. விரியலாக்கியின் குற்றமும் இம்மூன்றனுள் அடங்கும். மூலத்தில் இல்லாத இரைச்சலும், ஒரு சுரத்தோடு தானாக ஒட்டிப் பிறக்கும் மேற்சுரங்களும் தோன்றல். சில மீடிறன்களை மிகுத்தும் சிலவற்றைக் குறைத்தும் தருதல் திரிதல். வலு போதாமையால் ஒலியலையின் முடி அறுபட்டுப்போதல் கெடுதல். இம்மூன்றையும் இன்று கருவி கொண்டு அளக்கலாம்.

இக்குற்றங்களைக் களைந்த வரலாறு சுவையுடையது. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே பணி செய்த ஹரோல்ட் பிளாக் என்னும் பொறியியலாளர், 1927ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆந் திகதி காலை, ஹட்சன் ஆற்றைப் படகிற் கடந்து வேலைக்குச் செல்லும்போது ஓருபாயங் கண்டு, கையிலிருந்த புதினத்தாளின் மேலேயே அதனை வரைந்தார். விரியலாக்கி தரும் வெளிப்பாட்டின் ஒரு பகுதியை மீட்டு, மூலக்குறிக்கு எதிராகச் செலுத்தினால், இரண்டுக்குமுள்ள வேறுபாடு தானே தன்னைத் திருத்திக்கொள்ளும். எதிர்ப் பின்னூட்டல் என்பது இதுவே. ஏடு பெயர்த்தெழுதுவோர் படியை மூலவேட்டோடு ஒப்புநோக்கித் திருத்துவது போல்வதென்க. தொலைபேசித் தொடர்புக்காகக் கண்ட இவ்வுபாயம் பின்னர் இசைக்கும் பயன்பட்டது. 1947ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் டி. ரி. என். வில்லியம்சன் என்பவர் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் வெளியிட்ட வால்வு விரியலாக்கி, 15 உவாற்று வலுவில் திரிபை நூற்றுக்கு 0.1 என்னும் அளவுக்குள் அடக்கியது. அதே ஆண்டிலேதான், விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கு கற்ற நம் விபுலாநந்த அடிகளின் யாழ்நூல் அரங்கேறியது என்பது நினைந்து மகிழ்தற்குரியது.

வால்வு போய்த் திரான்சிற்றர் வந்த காலத்திலே ஓர் இடர்ப்பாடு நேர்ந்தது. இரண்டு திரான்சிற்றர்கள் மாறி மாறி வேலைசெய்யும் அமைப்பில், ஒன்று விடுமிடத்தும் மற்றொன்று தொடங்குமிடத்தும் அலையிற் சிறு முறிவு உண்டாகும். உரத்த ஒலியில் அது மறைந்துபோம். மெல்லிய ஒலியிலே முள்ளாகக் குத்தும். 1960ஆம் ஆண்டுகளில் வந்த திரான்சிற்றர்க் கருவிகள் சில கரகரத்தன என்று கேட்டோர் முறையிட்டது வீண் முறையீடன்று. பின்னூட்டல் மிகுந்திருந்தும் விரைவு குறைந்த கருவி, திடீரென எழும் ஒலியிலே தடுமாறும் என்பதை 1970இல் பின்லாந்து நாட்டு மாற்றி ஒற்றாலா எடுத்துக்காட்டினார். செவி முன்னே சென்றது. அளவு பின்னே வந்தது. ஆயினும், குறை இன்னதென்று தெரிந்ததும் அது தீர்க்கப்பட்டது. இன்று நடுத்தர விலையுள்ள கருவிகளுள்ளும் திரிபு நூறாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்தவை உண்டு.

இனி, வால்வுக் கருவியின் இனிமை என்று பலர் போற்றுவதைப் பார்ப்போம். வால்வு சேர்க்கும் மேற்சுரங்களுள் இரண்டாவது முனைந்து நிற்பதுண்டு. அது மூலசுரத்தின் எட்டாம் நரம்பு. அதாவது அடுத்த தாயியில் நிற்கும் அதே சுரம். ஆதலின் செவிக்குப் பகையாகாது. ஒலி தடித்து நிறைந்ததுபோலத் தோன்றச் செய்யும். ஏழாவது போன்ற உயர்ந்த மேற்சுரங்களோ பண்ணில் எந்நரம்போடும் ஒட்டா. சிறிதளவு சேரினும் கசக்கும். ஆகவே வால்வின் இனிமை மாயமன்று. அதற்குக் காரணம் உண்டு. ஆனால் அஃது உரையாசிரியன் தன் சொந்தச் சரக்கைச் சேர்த்த இனிமை. நச்சினார்க்கினியர் சொற்களைத் தம் விருப்பின்படி கொண்டுகூட்டிப் பொருள் உரைக்கும் இடங்களில் அவர் புலமையை வியக்கின்றோம். ஆயினும் நூலாசிரியர் கருத்து அதுவென்று துணிகின்றோமல்லேம். வால்வை விரும்புவார் விரும்புக. 'இக்கருவி இன்பஞ் சேர்க்கின்றது' என்று அவர் சொல்லின் உண்மை. 'இக்கருவியே மூலத்தை உள்ளவாறு தருகின்றது' என்று சொல்லின் வழு.

குறைகள் அளவிற் குன்றியபின்னும் விலை கூடியது இனிதாக ஒலிக்கின்றது என்று சொல்லுவாரை எவ்வாறு சோதிப்பது? இதற்கு விடை ஆசிரியர்களுக்கு நன்கு தெரியும். பரீட்சை விடைத்தாளிலே மாணவர் பெயர் எழுதுவதில்லை. சுட்டெண் மாத்திரமே எழுதுவர். திருத்துவோர் நேர்மையற்றவர் என்பதனாலன்று. நேர்மையாளர் கண்ணையும் பெயர் மயக்கும் என்பதனால். விரியலாக்கிக்கும் அம்முறையே வேண்டும். கருவியைத் திரைக்குப் பின்னே மறைத்து, இரண்டின் ஒலியளவையும் சமப்படுத்தி, மாற்றி மாற்றிக் கேட்கச் செய்தல் வேண்டும். ஒலியளவைச் சமப்படுத்தல் மிக முக்கியம். தெசிபலில் ஒரு சிறு பின்ன அளவு உரத்து ஒலிப்பதையும் செவி 'உரத்தது' என்று அறியாது, 'தெளிவானது' என்று மயங்கும்.

இத்தகைய சோதனைகள் நடந்துள்ளன. இங்கிலாந்திலே குவாட் கருவிகளைச் செய்த பீற்றர் வாக்கரின் நிறுவனம், ஜேம்ஸ் மொயர் என்னும் ஒலியியலாளரைக்கொண்டு ஒரு சோதனை நடத்துவித்தது. 1953இல் வந்த வால்வுக் கருவி, 1967இல் வந்த திரான்சிற்றர்க் கருவி, 1975இல் வந்த புதிய கருவி ஆகிய மூன்றையும் கேட்டோர் ஒன்றினின்று ஒன்றைப் பிரித்தறியவில்லை என்னும் முடிவு 1978ஆம் ஆண்டு 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் வெளிவந்தது. செய்தோரே செய்வித்த சோதனை என்று இதனைத் தள்ளுவோர் தள்ளலாம். ஆயின், 1987ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அமெரிக்காவின் 'ஸ்டீரியோ ரிவியூ' இதழ் வெளியிட்ட சோதனையில் 25 பேர் செவிமடுத்தனர். வேறுபாடு உண்டு என்று உறுதியாக நம்பியோரும் அவருள் இருந்தனர். ஏறக்குறைய 220 டொலர் விலையுள்ள கருவியும் 12,000 டொலர் விலையுள்ள கருவியும் அங்கே ஒப்பிடப்பட்டன. பெயர் மறைந்தபோது அவர்தம் விடைகள் நாணயம் சுண்டிப் பெறும் விடைகளைக் கடந்து சென்றில.

மற்றொரு நிகழ்ச்சி இன்னும் சிந்தித்தற்குரியது. பொப் கார்வர் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர், தம்முடைய மலிவான விரியலாக்கியைத் திருத்தி, எந்த உயர்ந்த கருவியின் ஒலியையும் அதற்கு ஏற்றித் தருவதாக 'ஸ்டீரியோபைல்' இதழாரிடம் வஞ்சினங் கூறினார். அவர்கள் தாம் மதித்த, பன்மடங்கு விலையுள்ள வால்வுக் கருவி ஒன்றைக் கொடுத்தனர். கார்வர் இரு கருவிக்கும் ஒரே குறியை ஊட்டி, ஒன்றன் வெளிப்பாட்டிலிருந்து மற்றொன்றைக் கழித்து, எஞ்சுவது அருகி மறையுமளவும் தம் கருவியைத் திருத்தினார். 1985இல் வெளிவந்த அக்கட்டுரையில், தம்மால் இரண்டையும் பிரித்தறிய இயலவில்லை என்று இதழார் ஒப்புக்கொண்டனர். பின்னர்த் தொழிற்சாலையிற் செய்து விற்ற கருவிகள் அவ்வளவு நெருங்கி ஒத்தனவல்ல என்று அவ்விதழே எழுதியதும் உண்டு. அஃது எவ்வாறாயினும், விலையுயர்ந்த கருவியின் 'குரல்' எனப்பட்டது அளந்து, பெயர்த்து, வேறொன்றில் ஏற்றத்தக்க பொருள் என்பது அந்நிகழ்ச்சியாற் பெறப்பட்டது. அளக்கலாகாத அற்புதம் எதுவும் அதனுள் இல்லை.

இதற்கு மறுப்புரைப்பார் கூற்றையும் கேட்டல் முறை. "சோதனைக் கூடத்திலே மனம் பதறும், சிறுபொழுதிற் கேட்டு எவ்வாறு அறிவது? நெடுநாட் பழகினாலன்றோ நயம் தெரியும்" என்பர். நன்று. நெடுநாட் பழகுக, வீட்டிலேயே பழகுக, மாதக்கணக்கிற் கேட்க. ஆனால் பெயரை மட்டும் மறைத்துக் கேட்க. அதனைத் தடுப்பார் யார்? "அளவுகோல் எல்லாவற்றையும் அளப்பதில்லை" என்பர். ஒற்றாலாவின் வரலாறு அவர்க்குச் சான்றாகும். ஆயின் அவ்வரலாறு கற்பிக்கும் பாடம், செவியின் முறையீட்டைக் கேட்டுக் காரணத்தைத் தேடுக என்பதே. தேடாது அடைமொழியோடு நின்றுவிடுக என்பதன்று.

எல்லா விரியலாக்கியும் ஒன்றே என்று யாம் சொன்னதாகக் கொள்ளற்க. வேறுபாடு உண்மையாகவே செவிக்குப் புலனாகும் இடங்கள் உள. ஒலிபெருக்கிப் பெட்டியின் மின்தடங்கல் 8 ஓம் என்று குறிக்கப்பட்டிருப்பினும், மீடிறனுக்கேற்ப அது 3 ஓமுக்கு இறங்கவும் 20 ஓமுக்கு மேல் ஏறவும் கூடும். இறங்குமிடத்து மிகுந்த மின்னோட்டம் வேண்டும். வலுவற்ற கருவி அங்கே தளரும். வால்வுக் கருவிகள் சிலவற்றின் உட்டடங்கல் பெரிதாதலின், பெட்டிக்குப் பெட்டி அவற்றின் ஒலி மாறும். வலுவின் கணக்கும் அறியற்பாலது. வலு இருமடங்கானால் ஒலி 3 தெசிபல் மட்டுமே உயரும். செவிக்கு இருமடங்கு உரத்துக் கேட்டற்கு ஏறக்குறையப் பத்துமடங்கு வலு வேண்டும். ஆதலின் 50 உவாற்றுக் கருவிக்கும் 100 உவாற்றுக் கருவிக்கும் உள்ள வேறுபாடு விளம்பரம் சொல்லுமளவு பெரிதன்று. எனினும், சிறிய அறையிலே அளவாகக் கேட்குங்கால் ஓர் உவாற்றே போதுமாயினும், தவிலின் ஓர் அடி கணப்பொழுதிலே நூறுமடங்கு கேட்டல் கூடும். அப்பொழுது முடி அறுபடாது தருவதற்கு இருப்பு வேண்டும். உறுதியான கட்டமைப்பு, நெடுங்கால உழைப்பு, பழுது பார்க்கும் வசதி என்பனவும் விலை பெறத்தக்கன. அவற்றை அவற்றின் பெயராலேயே விற்க. தேனும் பட்டும் சொல்லி விற்கவேண்டா.

ஆசிரியரான அவ்விளைஞருக்கு யாம் சொன்னதும் இதுவே. கடன் எடுக்கவேண்டா. குறை அளக்கப்பட்டு நன்றெனத் தெரிந்த, போதிய வலுவுள்ள, நடுத்தர விலைக் கருவி ஒன்று கொள்க. மிஞ்சும் பணம் உண்டாயின் ஒலிபெருக்கிப் பெட்டிக்குச் செலவிடுக. விரியலாக்கியின் திரிபு நூறாயிரத்தில் ஒரு பங்காயிருக்க, பெட்டியின் திரிபு தாழ்ந்த சுரங்களில் நூற்றில் ஒரு பங்கையும் எட்டும். பெறும் மின்வலுவில் நூற்றில் ஏறக்குறைய ஒரு பங்கையே அது ஒலியாக்குகின்றது. எஞ்சியது வெப்பமாகக் கழிகின்றது. அதன்பின் அறையைப் பார்க்க. வெறுஞ் சுவரும் சீமெந்துத் தரையும் ஒலியை எறிந்து எறிந்து கலக்கும். பாயும், திரைச்சீலையும், நூல் நிறைந்த அலுமாரியும் கலக்கத்தைக் குறைக்கும். புத்தக அலுமாரி ஒலிக்கும் உதவும், உள்ளத்துக்கும் உதவும்.

மாணவ நேயர்களுக்கு ஒன்று சொல்லி முடிப்போம். கருவியைப் பற்றியாயினும் கவிதையைப் பற்றியாயினும், அடைமொழி மிகுந்த புகழுரையைக் காணும்போது மூன்று வினாக்களைக் கேளுங்கள். இவர் எக்குற்றம் இல்லையென்று சொல்லுகின்றார்? அக்குற்றத்துக்கு வரையறை யாது? பெயரை மறைத்தாலும் இவ்வாறே சொல்லுவாரா? இம்மூன்றுக்கும் விடை தருவது திறனாய்வு, தராதது விளம்பரம். விரியலாக்கிக்குக் குரல் உண்டா என்று கேட்டோம். உண்டாயின் அது குறை. இல்லையாயின் அதுவே நிறை. தன் குரலை அடக்கிப் பிறர் குரலை விரிப்பது எளிய தொழிலன்று. உரையாசிரியர்க்கும் திறனாய்வாளர்க்கும் வகுப்பறையில் நிற்கும் நமக்கும் வாய்த்திருப்பது அத்தொழிலே.